கறுப்பு நிறப் பெண்ணுக்கு வரன் பார்ப்பதும், அவள் தனித்து வாழ்வதும்: நீலகிரியிலிருந்து ஒரு வழிகாட்டி

கறுப்பு நிறமுள்ள பெண்களுக்காகவும், அவர்களுக்கு வரன் தேடும் தாய்தந்தையருக்காகவும் இதை எழுதுகிறேன். நான் குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடு ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். செவிலியராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்து வருகிறேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் நான்கு வீட்டார்; அதன்பின் தங்கைகள், அத்தை மகள்கள், உடன் பணிபுரியும் பெண்கள் என்று பலருடைய பெண் பார்க்கும் நிகழ்ச்சிகளில் நான் உடன் இருந்திருக்கிறேன். அவற்றில் கண்டதையும், சட்டம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் இங்கே சொல்கிறேன்.

முதலில் வந்த வீட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது 24 வயது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேனில் பதினொரு பேர் வந்திருந்தார்கள். அம்மா முதல் நாள் இரவு முழுவதும் எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தம் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கொழுந்து பறிப்பவர்களின் விரலில் பச்சை இலையின் சாறு ஏறி, காற்றுப் பட்டுக் கறுத்துவிடும். பச்சைக் கொழுந்தைத் தொழிற்சாலையில் கறுப்புத் தேயிலையாக மாற்றுகிற அதே மாற்றம்தான் அந்த விரல்களிலும் நிகழ்கிறது. எவ்வளவு தேய்த்தும் கறை போகவில்லை. மறுநாள் காபித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, அம்மா தம் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். மாப்பிள்ளையின் பெரியம்மா என் கையைப் பிடித்துத் தம் மகளின் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, அப்பாவிடம் சொன்னார்: "பொண்ணு படிச்சிருக்கு, குணமும் தெரியுது. நிறந்தான் கொஞ்சம் கம்மி. அதுக்குத் தகுந்தாப்ல பாத்துச் செஞ்சிருங்க." பதினைந்து பவுன் என்று தரகர் பேசிவைத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்தில் இருபத்தைந்தாயிற்று. அப்பா ஓய்வு பெறும்போது வரவேண்டிய பணத்தை மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே தலையாட்டினார். அவர்கள் போன பிறகு அம்மாதான் கேட்டார்: "என் பிள்ளை தோலுக்குப் பத்துப் பவுனா? என்னத்துக்கு?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை முழுவதற்கும் அடிப்படை. நிறத்துக்காக ஒரு பவுனும் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது. பவுனாக மட்டுமன்று, வயது மிகுந்த மாப்பிள்ளையாக, மறைக்கப்பட்ட குடிப்பழக்கமாக, வேலையை விட்டுவிட ஒப்புக்கொள்வதாக, புகுந்த வீட்டில் வாய்மூடி இருப்பதாக எந்த வடிவில் அந்த விலை கேட்கப்பட்டாலும் கொடுக்கக் கூடாது. அப்படிக் கொடுக்கத் தொடங்கிய குடும்பங்கள் அதை ஒரே தவணையில் கொடுத்து முடித்ததை நான் கண்டதில்லை. தலைத்தீபாவளிக்கு, வளைகாப்புக்கு, குழந்தை பிறந்ததற்கு, அந்தக் குழந்தையும் கறுப்பாகப் பிறந்ததற்கு என்று அந்தக் கடன் நீண்டுகொண்டே போகும்.

வீட்டுக்குள் பேசும் சொற்கள்

வரன் தேடத் தொடங்குவதற்கு முன்னரே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று பெண்ணைப் பற்றிச் சொல்வதை வீட்டார் நிறுத்த வேண்டும். சொல்பவர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆயினும் அந்த "இருந்தாலும்" என்ற சொல்லில் ஒரு குறை ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகிறது. நாமே ஒப்புக்கொண்ட குறைக்குத்தான் எதிர்வீட்டார் விலை கேட்கிறார்கள். தரகரிடமும் உறவினரிடமும் பேசும்போது பெண் கறுப்பு நிறம் என்று நேராகச் சொல்லிவிட்டு, அடுத்த செய்திக்குப் போய்விடுங்கள். உயரத்தைச் சொல்வது போல, படிப்பைச் சொல்வது போலச் சொல்லுங்கள். குரலைத் தாழ்த்த வேண்டிய தேவை எதுவும் இல்லை.

நம் மொழி இதை ஒரு காலத்தில் நன்றாக அறிந்திருந்தது. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகுக்கு மாமை என்று பெயர். மாந்தளிரின் நிறம் அது. தலைவன் பிரிந்து போனால் அவள் மேனியில் படர்வது பசலை. மேனி வெளுத்துப் போவதுதான் அங்கே நோய். அதைக் கண்டுதான் தோழி கலங்குவாள். வெளுப்பை அழகு என்றும் கருமையைக் குறை என்றும் நாம் எப்போது மாற்றிக்கொண்டோம் என்பது நீண்ட வரலாறு. ஆனால் மாற்றிக்கொண்ட ஒன்றைத் திரும்பவும் மாற்றலாம் என்பதை நம் பெண்பிள்ளைகளுக்கு இந்த ஒரு செய்தியைக் கொண்டே சொல்லிவிட முடியும்.

பிள்ளைகள் இதை எவ்வளவு சிறு வயதில் கற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று உண்டு. 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியலாளர் தம்பதியர், மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளின் முன் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளை வைத்து, எது நல்ல பொம்மை, எது அழகான பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே காட்டின. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954இல் அளித்த தீர்ப்பில் இந்த ஆய்வுக்கும் இடம் கிடைத்தது. அங்கே கறுப்பினப் பெண்கள் சுமப்பது அடிமை முறையிலிருந்து வந்த பாரம். நாம் சுமப்பது சாதியும் உழைப்பும் வெயிலும் கலந்து வந்த பாரம். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் குழந்தையின் காதில் அது விழும் வயது ஒன்றுதான். உங்கள் மகளுக்கு ஐந்து வயதாகும்போதே, "வெயில்ல ஆடாதே, கறுத்துட்டா எவன் கட்டுவான்" என்று சொல்லாதிருங்கள்.

முகப்பூச்சுகளைப் பற்றி

பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தவுடன் மருந்துக்கடையில் போய், வெளுக்க வைக்கும் களிம்பு வாங்குவது எங்கள் பக்கத்தில் இன்றும் நடக்கிறது. செவிலியராக இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். மருத்துவர் சீட்டு இல்லாமல் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் அந்தச் சிறு டியூப்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் இரண்டு வாரங்களில் முகம் தெளிந்தது போலத் தோன்றும். அதன்பின் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவந்த இரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கும். பருக்களும், மெல்லிய முடிகளும் வரும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் இரட்டிப்பாகத் திரும்பும் என்பதால் நிறுத்தவும் முடியாது. என் சித்தி மகள் ஒருத்தி நிச்சயதார்த்தத்துக்கு முன் மூன்று மாதம் இப்படிப் பூசினாள். அவள் முகம் பழைய நிலைக்கு வர ஒன்றரை ஆண்டுகள் ஆயின. ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று நிறுத்தாமல், உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ அந்த டியூபைக் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள்.

உறையில் தயாரிப்பாளர் பெயரும் சேர்மானங்களும் இல்லாமல் விற்கப்படும் வெளுப்புக் களிம்புகளில் பாதரசமும் இருக்கக்கூடும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவுக்காகப் பழனி மலையில் எத்தனை ஆண்டுகள் போராட்டம் நடந்தது என்பதை நாம் அறிவோம். மண்ணில் சேரக் கூடாது என்று நாம் போராடிய ஒரு பொருளை முகத்தில் பூசிக்கொள்ளலாமா?

எல்லா மனிதர்களின் தோலிலும் நிறமியை உருவாக்கும் செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றேதான். அவை உண்டாக்கும் மெலனினின் அளவும் வகையுமே வேறுபடுகின்றன. பிறவி நிறத்தை நிரந்தரமாக மாற்றும் களிம்பு எதுவும் இல்லை. மலையில் வாழ்பவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர்வீச்சு ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. உதகை 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. குளிரில் வெயில் உறைப்பதே தெரியாமல் தோல் கருகிவிடும். தலைக்குத் துணியோ தொப்பியோ, உதட்டுக்கும் கன்னத்துக்கும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ, முடிந்தால் சன்ஸ்கிரீன்: இவை தோலின் நலத்துக்காக. நிறத்துக்காக அல்ல.

போட்டோ, பயோடேட்டா, பெண் பார்க்கும் நாள்

ஸ்டுடியோவில் எடுத்து வெளுக்கச் செய்த படத்தையும், செல்போனில் ஃபில்ட்டர் போட்ட படத்தையும் அனுப்பவே வேண்டாம். அதைப் பார்த்துவிட்டு நேரில் வருபவர்கள் பெண்ணைப் பார்க்கிற முதல் நொடியில் முகம் மாறுவார்கள். அந்த முகமாற்றத்தை அந்தப் பெண் வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருப்பாள். காலை பத்து மணி வெளிச்சத்தில், வீட்டு வாசலில், பவுடர் இல்லாமல் எடுத்த இரண்டு படங்கள் போதும். நிறம் பிடிக்காதவர்கள் படத்தோடு நின்றுவிடுவார்கள். இது நமக்கு நன்மையே. வேனுக்கும் பலகாரத்துக்கும் ஆகும் செலவும், ஒரு நாள் கூலியும், மனவேதனையும் மிச்சம்.

பயோடேட்டாவில் நிறம் என்று ஒரு வரி இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பெரிய திருமணத் தளமான ஷாதி டாட் காம் 2020இல் தோல் நிறத்தைக் கொண்டு வரன்களை வடிகட்டும் வசதியை நீக்கியது. 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லியும் அதே ஆண்டில் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டது. பெரிய நிறுவனங்களே எடுத்துவிட்ட சொல்லை நம் வீட்டுத் தாளில் எதற்கு எழுத வேண்டும்? தரகர் வற்புறுத்தினால், "படம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிடுங்கள். "மாநிறம்" என்று பொய்யாகப் போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

வருபவர்களின் எண்ணிக்கையை நீங்கள் முடிவு செய்யுங்கள். முதல் முறை மாப்பிள்ளையும், பெற்றோரும், இன்னும் ஓரிருவரும் வந்தால் போதும். சமவெளியிலிருந்து சொந்த வண்டியில் வருபவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டியிருக்கிறது. முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் சோதனைச் சாவடியில் நின்று எரிச்சலோடு வந்து சேர்வார்கள், அந்த எரிச்சல் நம் வீட்டில்தான் இறங்கும். மதிய நேரத்தில் வரச் சொல்வது நல்லது. மாலையில் மூடுபனி இறங்கிவிட்டால் இறங்கு பாதையை நினைத்து அவர்களும் அவசரப்படுவார்கள், பேசவேண்டியதைப் பேச முடியாது.

கையைப் பிடித்து நிறம் பார்ப்பதற்கும், "சின்ன வயசுப் போட்டோ இருக்கா, பொறந்தப்பவே இப்படித்தானா" என்று கேட்பதற்கும் வீட்டார் இடம் கொடுக்கக் கூடாது. யார் தடுப்பது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். தாய்மாமா தடுத்தால் மரியாதையாக இருக்கும். "அத்தாச்சி, பொண்ணு நிக்குது பாருங்க, கேக்கறதை அதுகிட்டயே கேளுங்க" என்ற அளவில் சொன்னால் போதும். இதற்கே கோபித்துக்கொண்டு போகிறவர்களாயின் அவர்கள் போகட்டும்.

அவரோடு தனியாகப் பேசும்போது

பெண்ணும் ஆணும் தனியாகப் பேச ஒரு மணி நேரமாவது கேட்டு வாங்குங்கள். கொல்லைப்புறத்தில் ஐந்து நிமிடம் நிற்பது போதாது. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் ஒரு சுற்று நடக்கலாம். அக்காவோ அண்ணனோ பத்தடி தள்ளி நடக்கட்டும். அவரிடம் சம்பளத்தையும் வேலையையும் கேட்கும் முன், உங்கள் நிறத்தைப் பற்றி நீங்களே கேட்டுவிடுங்கள்: "நான் கறுப்பு என்று உங்கள் வீட்டில் யாராவது எதிர்த்தார்களா? எதிர்த்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்?" இரண்டாவது கேள்விக்கான விடையைக் கவனியுங்கள். "எனக்கு அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்பது விடையாகாது. அவருக்குப் பிரச்சினை இல்லாமல் இருக்கலாம். அவர் அம்மா நாளை சமையலறையில் ஒரு சொல் சொல்லும்போது அவர் எங்கே நிற்பார் என்பதே நமக்குத் தெரிய வேண்டும். "உன்னைக் கட்டிக்கொள்வதில் எனக்குப் பெரிய மனசு" என்ற தொனி எங்காவது தென்பட்டால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

காதலிக்கும் பெண்களுக்கு இதைவிடக் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. காதலுக்குக் கறுப்புப் பெண்ணும், கல்யாணத்துக்குச் சிவப்புப் பெண்ணும் என்று நடந்துகொள்ளும் ஆண்களை நான் பலமுறை பார்த்துவிட்டேன். மலையில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். கோயம்புத்தூருக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ அழைத்துச் சென்று மணிக்கணக்கில் பேசுகிறவர், குன்னூர் பஸ் நிலையத்தில் உங்களோடு நின்று ஒரு டீ குடிக்கத் தயங்கினால், ஏன் என்று அன்றைக்கே கேளுங்கள். ஊருக்கு அஞ்சுவதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. சாதி வேறாக இருந்தால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காரணத்தை அவர் உங்களிடம் வாய்விட்டுச் சொல்லி, எப்போது, எப்படி அதைக் கடப்பது என்று சேர்ந்து திட்டமிட வேண்டும். ஆறு மாதத்துக்குள் தம் வீட்டாரில் ஒருவருக்காவது, ஒரு தங்கைக்காவது, உங்களை அறிமுகம் செய்யாதவருக்காக உங்கள் இருபதுகளைக் காத்திருப்பில் கழிக்காதீர்கள். எந்த நிலையிலும் அந்தரங்கப் படங்களை அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டு மிரட்டலுக்கு ஆளானவர்கள் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

இருவரும் வயது வந்தவர்களாக இருந்து, வீட்டார் ஒப்பாவிட்டால், சட்டம் வழி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் மில்ட்ரெட் லவிங் என்ற கறுப்பினப் பெண்ணும் அவருடைய வெள்ளையினக் கணவரும் தொடுத்த வழக்கில், இனக் கலப்புத் திருமணத்தை அப்போதும் தடை செய்திருந்த 16 மாநிலங்களின் சட்டங்கள் செல்லாது என்று 1967 ஜூனில் தீர்ப்பானது. அதே 1967இல்தான் நம் மாநிலத்தில் அண்ணா தலைமையிலான அரசு, புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தது. இருவரும் இந்துக்களாயின் உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் தாலி கட்டினாலும் அது திருமணமே. மதம் வேறாக இருந்தால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்: 30 நாள் முன்னறிவிப்பு, மூன்று சாட்சிகள். அந்த அறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்படும் என்பதால், பாதுகாப்பு பற்றிய அச்சம் இருப்பவர்கள் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். எந்த முறையில் நடந்த திருமணமானாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள்.

பவுன் பேசும்போது

என்ன போடுவீர்கள் என்ற கேள்வி வரும் நாளில் பெண் அந்த அறையில் இருக்க வேண்டும். அவளை உள்ளே அனுப்பிவிட்டுப் பேசினால்தான் "நிறத்துக்குத் தகுந்த மாதிரி" என்ற சொற்கள் வாயில் வரும். அவள் எதிரே உட்கார்ந்திருந்தால் பலருக்கு வராது. வந்தால், அப்பா ஒன்றே ஒன்று கேட்கட்டும்: "நிறத்துக்கு எவ்வளவு, மற்றதுக்கு எவ்வளவு, பிரித்துச் சொல்லுங்கள்." இதை என் தங்கையின் நிச்சயத்தில் என் அப்பாவே கேட்டார். என் காலத்தில் தலையாட்டியவர் அவர். எதிரே இருந்தவர்களால் விடை சொல்ல முடியவில்லை. அந்த வரன் தட்டிப்போயிற்று; அடுத்த ஆண்டு வந்தவர் எதுவும் கேட்காமல் அவளை மணந்தார்.

வரதட்சணை கேட்பது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வாங்கினால் குறைந்தது 5 ஆண்டுச் சிறை. ஆயினும் நகையே போடாமல் மகளை அனுப்ப மாட்டோம் என்று நினைக்கும் பெற்றோரை நான் அறிவேன். அவர்களுக்கு ஒரு நடைமுறை யோசனை. மகளுக்கு விரும்பிக் கொடுக்கும் ஒவ்வொன்றையும் ஒரு பட்டியலாக எழுதுங்கள்: பொருள், ஏறத்தாழ மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு. மணமகளும் மணமகனும் அதில் கையெழுத்திடட்டும். 1985ஆம் ஆண்டு விதிகள் கேட்கும் பட்டியல்தான் இது. பின்னால் சிக்கல் வந்தால் நகை அவளுடையது என்பதற்கு இதுவே சான்று. ரசீதுகளின் படங்களோடு ஒரு நகல் தாய்வீட்டில் இருக்க வேண்டும்.

நகை இல்லாமல் மலையில் திருமணமே நடக்காது என்பது உண்மையன்று. எங்கள் பக்கத்தில் ஹட்டி எனப்படும் ஊர்களில் வாழும் படுகர்களிடம் மரபாக வரதட்சணை வழக்கம் இல்லை. எங்கள் தாத்தா தலைமுறை 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்தபோது ஒரு தகரப் பெட்டியைத் தவிர எதுவும் இல்லாமல்தான் வந்தார்கள்; அவர்களுக்குள் நடந்த திருமணங்களில் ஒரு புடவையும் ஒரு மஞ்சள் கயிறுமே போதுமாக இருந்தன என்று பாட்டி சொல்வார்.

திருமணத்துக்குப் பிறகு நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தினால், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அடித்தால்தான் வன்முறை என்பதில்லை. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஏளனம் செய்வதும் பட்டப்பெயர் சொல்லி அவமானப்படுத்துவதும் சேர்க்கப்பட்டுள்ளன. என்ன சொன்னார்கள், எந்தத் தேதியில், யார் எதிரில் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்.

திருமணம் வேண்டாம் என்று இருப்பவர்களுக்கு

நான்காவது வீட்டார் போன பிறகு நான் நிறுத்திக்கொண்டேன். யாரையும் வெறுத்து எடுத்த முடிவன்று. வேலை பிடித்திருந்தது, ஒவ்வொரு முறையும் முகம் கழுவிக்கொண்டு போய் நிற்பது பிடிக்கவில்லை. தனித்து வாழ்வதற்கும் ஒரு திருமணத்துக்குச் செய்யும் அளவு ஏற்பாடு வேண்டும் என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

முதலில் வீடு. தோட்டத்து லைன் வீடு வேலையோடு ஒட்டியது. பெற்றோர் ஓய்வு பெற்று, பிள்ளைகள் யாரும் தோட்டத்தில் வேலைக்குப் பேர் போடவில்லையென்றால் அதைக் காலி செய்ய வேண்டியிருக்கும். தனித்திருக்கப் போகும் மகள் இதை அப்பாவின் ஐம்பதாவது வயதிலேயே யோசிக்க வேண்டும், ஐம்பத்தெட்டாவது வயதில் அல்ல. வாடகைக்குத் தேடும்போது தனிப் பெண் என்றால் கதவைச் சாத்துகிறார்கள். உடன் பணிபுரியும் ஒரு குடும்பத்தாரின் பரிந்துரையோடு போங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் தெருவிளக்கும் பக்கத்து வீடும் உள்ள இடமாகப் பாருங்கள். தேயிலைக் காட்டை ஒட்டிய கடைசி வீடு மலிவாகக் கிடைக்கும். ஆனால் இரவுப் பணி முடிந்து வரும்போது காட்டெருமையும் கரடியும் படிக்கட்டில் நிற்கும் ஊர் இது. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைக் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். 2024 முதல் நீலகிரியிலும் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பேருந்துத் தடத்தில் உள்ள வீட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் வாடகையில் ஒரு பகுதி அதில் திரும்பிவிடும்.

அடுத்தது குடும்ப அட்டை. அண்ணன் அட்டையில் ஒரு பெயராக இருந்துவிடாமல் தனியாக வசிக்கத் தொடங்கியவுடன் தனி அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், திருமணமாகாமல் தனியாக வாழும் பெண்ணையும் குடும்பத் தலைவியாகக் கருதுகிறது. 21 வயதும் வருமான வரம்பு முதலிய நிபந்தனைகளும் பொருந்த வேண்டும். 50 வயதைக் கடந்த, திருமணமாகாத ஏழைப் பெண்களுக்குத் தனி ஓய்வூதியமும் உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

குழந்தை வேண்டும் என்ற ஆசையைத் திருமணத்தோடு சேர்த்துக் கைவிட வேண்டியதில்லை. தனிப் பெண் ஆண் குழந்தையையோ பெண் குழந்தையையோ தத்தெடுக்கலாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை வேண்டுமானால் உங்களுக்கு 40 வயதுக்குள் இருக்க வேண்டும்; நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு 45, எட்டு வயது வரை 50. மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் மட்டுமே பதிவு செய்யுங்கள். காத்திருப்பு நீளமானது, எனவே முப்பத்தைந்திலேயே மனத்தில் ஒரு முடிவுக்கு வருவது நல்லது. நான் அந்த வயதைத் தாண்டவிட்டேன். அதில் மட்டும் எனக்கு வருத்தம் உண்டு.

பெற்றோரின் சொத்தில் உங்களுக்குப் பங்கு உண்டு என்பதை அண்ணன் தம்பியரிடம் அவர்கள் நல்ல மனநிலையில் இருக்கும்போதே பேசிவிடுங்கள். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தத்திலும், நாடு முழுவதும் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் மகளுக்குச் சம உரிமை தரப்பட்டது. "நீ தனி ஆள், உனக்கு எதுக்கு" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் வரும். தனி ஆளுக்குத்தான் கூடுதலாகத் தேவை: முதுமையில் மருத்துவமனைக்குத் துணை வருபவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவள் அவள்.

கடைசியாக உயில். திருமணமாகாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சம்பாதித்த சொத்து பெற்றோருக்கும், அவர்கள் இல்லையென்றால் அப்பாவின் வாரிசுகளுக்கும் போகும். உங்களைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட தோழிக்கோ, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ, சித்தி மகளுக்கோ ஒரு பைசாவும் போகாது. வங்கியில் நாமினியாக ஒரு பெயர் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, அதன் உரிமையாளராகிவிட மாட்டார். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதி நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் செல்லும். சொத்தில் பங்கு பெறாதவர்களையே சாட்சியாக்குங்கள். நான் 41 வயதில் எழுதினேன். என் வார்டில் பணிபுரியும் இரண்டு செவிலியர்கள் மதிய உணவு நேரத்தில் சாட்சிக் கையெழுத்திட்டார்கள். அதை எங்கே வைத்திருக்கிறேன் என்பது என் தங்கைக்குத் தெரியும். பீரோவின் இரண்டாவது சாவியும் அவளிடம் இருக்கிறது.